மூக்குத்துளை வழியே மூளையின் அடித்தளம் வரை: அறுவை மருத்துவருக்கு வழிகாட்டும் எலும்பு அடையாளங்கள்

திருவனந்தபுரம்: மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி இருப்பதாகத் தெரியவந்தால், மண்டையோட்டைத் திறக்க வேண்டியிருக்குமோ என்பதே பெரும்பாலான நோயாளிகளின் முதல் அச்சமாக இருக்கிறது. ஆனால், அறுவை சிகிச்சை தேவைப்படும் பிட்யூட்டரி கட்டிகளில் பெரும்பாலானவை இன்று மூக்குத்துளை வழியாகவே அகற்றப்படுகின்றன. முகத்தில் வெட்டுக்காயம் இல்லை. தலைமுடியை மழிக்க வேண்டியதும் இல்லை.

சுமார் 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள எண்டோஸ்கோப் குழாய், மூக்கின் உட்புறத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டுகிறது. நாள்பட்ட சைனஸ் அழற்சி, மூக்கில் வளரும் பாலிப் சதை, மூளைத் திரவக் கசிவு, மண்டையோட்டு அடித்தளக் கட்டிகள் எனப் பல நோய்களுக்கு இதே பாதை பயன்படுகிறது.

இந்தப் பாதையின் இருபுறமும் கண்கள் உள்ளன. மேலே மூளை உள்ளது. பின்கோடியில் மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் கரோடிட் தமனிகளும் பார்வை நரம்புகளும் செல்கின்றன. பல இடங்களில் இவற்றை மூக்கிலிருந்து பிரிப்பது முட்டையோட்டை விட மெல்லிய எலும்பு மட்டுமே. சில மில்லிமீட்டர் வழி தவறினாலும் பார்வை பறிபோகலாம். உயிருக்கே ஆபத்து நேரலாம்.

அவ்வளவு குறுகிய இடத்தில் மருத்துவர் எவ்வாறு வழி அறிகிறார்? எண்டோஸ்கோப் பார்வையை மட்டுமே தருகிறது. எங்கே இருக்கிறோம், அடுத்து எங்கே செல்ல வேண்டும், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பதைச் சொல்பவை மூக்கின் உள்ளே வரிசையாக அமைந்துள்ள எலும்பு அடையாளங்களே. ஒவ்வோர் அடையாளத்தையும் உறுதி செய்த பின்னரே அடுத்த அடி எடுத்து வைக்கப்படுகிறது.

திருவனந்தபுரத்தில் இந்தச் சிகிச்சை

கேரளத் தலைநகரில் இத்துறையின் முக்கிய மையமாக விளங்குவது ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் ஆகும். திருவிதாங்கூர் அரச குடும்பம் 1973-ஆம் ஆண்டில் வழங்கிய கட்டடத்தில் உருவான இந்த மருத்துவ மையம், 1976-இல் செயல்படத் தொடங்கியது. 1980-இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவிக்கப்பட்டது. உள்நாட்டிலேயே உருவாக்கிய செயற்கை இதய வால்வை 1990-இல் முதன்முதலாக நோயாளிக்குப் பொருத்திய நிறுவனமும் இதுவே.

இங்குள்ள நரம்பியல் அறுவை சிகிச்சைத் துறையில் பிட்யூட்டரி கட்டிகளுக்கும் மண்டையோட்டு அடித்தளக் கட்டிகளுக்கும் மூக்கு வழி எண்டோஸ்கோப் சிகிச்சை அளிக்கப்பட்டு வருகிறது. கேரள நோயாளிகள் மட்டுமன்றி, கன்னியாகுமரி, திருநெல்வேலி, தென்காசி போன்ற தென் தமிழக மாவட்டங்களைச் சேர்ந்தவர்களும் மூளை மற்றும் இதய நோய்களுக்கு இந்நிறுவனத்தை நாடி வருகின்றனர்.

சைனஸ் அறுவை சிகிச்சை காது மூக்கு தொண்டை மருத்துவரின் பணியாகும். மூளை உறையைத் தொடும் சிகிச்சை நரம்பியல் அறுவை மருத்துவரின் பணியாகும். மண்டையோட்டு அடித்தளச் சிகிச்சையில் இவ்விரு துறையினரும் பல நேரங்களில் இணைந்து செயல்படுகின்றனர். ஒருவர் எண்டோஸ்கோப்பைப் பிடிக்க, மற்றவர் இரு கைகளாலும் கருவிகளை இயக்குவது வழக்கம்.

நூற்றாண்டு கடந்த பாதை

மூக்கு வழியாகப் பிட்யூட்டரியை அடையும் எண்ணம் புதிதல்ல. 1907-ஆம் ஆண்டில் ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக் நகரில் ஹெர்மன் ஷ்லோஃபர் என்ற மருத்துவர், மூக்கை ஒருபுறமாகத் திறந்து பிட்யூட்டரி கட்டியை அணுகினார். 1910-இல் வியன்னாவைச் சேர்ந்த காது மூக்கு தொண்டை மருத்துவர் ஆஸ்கர் ஹிர்ஷ், வெளியே வெட்டாமல் மூக்கின் உள்ளிருந்தே அதை அடைந்தார். அமெரிக்காவின் ஹார்வி குஷிங் மேலுதட்டின் உட்புறம் வழியாக இந்தச் சிகிச்சையைச் செய்து வந்தார். ஆனால், போதிய வெளிச்சம் இல்லாத அக்காலத்தில் அவர் பின்னர் மண்டையோட்டைத் திறக்கும் முறைக்கே திரும்பினார்.

எடின்பரோவின் நார்மன் டாட், பாரிஸின் ஜெரார்ட் கியோ ஆகியோர் மூக்கு வழி முறை மறைந்துவிடாமல் காத்தனர். 1960-களில் மாண்ட்ரியலைச் சேர்ந்த ஜூல்ஸ் ஹார்டி, அறுவை நுண்ணோக்கியைப் பயன்படுத்தி அதற்குப் புத்துயிர் அளித்தார்.

இதே காலத்தில் பிரிட்டன் இயற்பியலாளர் ஹெரால்டு ஹாப்கின்ஸ் உருவாக்கிய கண்ணாடித் தண்டு வில்லை அமைப்பு, எண்டோஸ்கோப்பின் பார்வையைத் தெளிவாக்கியது. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் வால்டர் மெஸ்ஸர்கிளிங்கர் அதைக் கொண்டு சைனஸ்களை ஆராய்ந்தார். சைனஸில் சுரக்கும் சளி தன்னிச்சையாக வழிவதில்லை. நுண்ணிய இழைகளின் அசைவால் இயற்கையான துளையை நோக்கியே நகர்த்தப்படுகிறது என்பதை அவர் விளக்கினார். ஆகவே, நோயுற்ற சைனஸை முழுவதுமாகச் சுரண்டி எடுப்பதை விட, அடைபட்ட துளையைத் திறந்துவிடுவதே சிறந்தது என்ற கொள்கை உருவானது. 1985-இல் அமெரிக்காவில் டேவிட் கென்னடி இதைச் செயல்பாட்டு எண்டோஸ்கோப் சைனஸ் அறுவை சிகிச்சை என்ற பெயரில் பரப்பினார்.

பிட்ஸ்பர்க் நகரைச் சேர்ந்த நரம்பியல் அறுவை மருத்துவர் ஜோவும் காது மூக்கு தொண்டை மருத்துவர் கராவும், எண்டோஸ்கோப் மூலம் பிட்யூட்டரி சிகிச்சை பெற்ற 50 நோயாளிகளின் அனுபவத்தை 1997-இல் வெளியிட்டனர். அதன்பின் இரு துறைகளின் பாதையும் ஒன்றானது.

முதல் அடையாளங்கள்: மடிப்பெலும்பும் கொக்கி எலும்பும்

மூக்கின் பக்கச்சுவரில் டர்பினேட் எனப்படும் மடிப்பெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துள்ளன. இவற்றுள் நடு டர்பினேட்டே மருத்துவர் தேடும் முதல் அடையாளம். சைனஸ் சிகிச்சையில் இதன் வெளிப்புறத்திலேயே, அதாவது கண் இருக்கும் பக்கத்திலேயே பணி நடைபெறுகிறது. இதன் உட்புறத்தில் மேல்நோக்கிச் சென்றால் மணம் உணரும் பகுதியும், அதற்கு மேல் மூளையும் உள்ளன. நடு டர்பினேட்டின் மேல்முனை மண்டையோட்டு அடித்தளத்துடன் நேரடியாக இணைந்திருப்பதால், அதைப் பிடித்துத் திருகினாலோ இழுத்தாலோ மேலே விரிசல் விழுந்து மூளைத் திரவம் கசியக்கூடும்.

நடு டர்பினேட்டைச் சற்று ஒதுக்கியதும் கொக்கி போல் வளைந்த மெல்லிய எலும்பு தென்படும். இது அன்சினேட் எனப்படுகிறது. கன்னச் சைனஸின் இயற்கையான துளை இதன் பின்னால் மறைந்துள்ளது. சிலருக்கு அருகில் வேறொரு துளையும் இருக்கும். அதை உண்மையான துளை எனக் கருதி விரிவாக்கினால், சளி ஒரு துளையில் வெளியேறி மற்றொன்றின் வழியே மீண்டும் உள்ளே செல்லும், நோயும் தீராது.

அன்சினேட்டுக்குப் பின்னால் குமிழ் போன்ற எத்மாய்டு அறை உள்ளது. அதற்கும் பின்னால், நடு டர்பினேட்டிலிருந்து பக்கவாட்டில் நீளும் அடித்தகடு குறுக்கே நிற்கிறது. முன் எத்மாய்டு அறைகளையும் பின் எத்மாய்டு அறைகளையும் பிரிக்கும் எல்லை இதுவே. இதைக் கடந்தபின் மேல் டர்பினேட் தெரியும். அதற்கும் பின்னால் ஸ்பீனாய்டு சைனஸின் முகப்பு. அன்சினேட், குமிழ், அடித்தகடு, மேல் டர்பினேட் என முன்னிருந்து பின்னாக வரும் இந்த வரிசை, கடந்து வந்த தொலைவை மருத்துவருக்கு உணர்த்துகிறது. பாலிப் சதை நிறைந்த மூக்கிலும் இந்த வரிசை மாறுவதில்லை.

கண்ணைக் காக்கும் காகிதத் தகடு

எத்மாய்டு அறைகளின் வெளிச்சுவராக இருப்பது லாமினா பாப்பிரேசியா. காகிதம் போன்ற தகடு என்பதே இலத்தீன் மொழியில் இதன் பொருள். இதன் மறுபுறம் கண்குழி. அங்குள்ள கொழுப்பு இந்தத் தகட்டின் வழியே மஞ்சள் நிறமாகத் தெரிவதுண்டு.

சிகிச்சையின்போது நோயாளியின் கண்கள் துணியால் மூடப்படாமல் விடப்படுவதன் காரணம் இதுதான். தகட்டில் எங்கேனும் விரிசல் உள்ளதா என்ற ஐயம் எழுந்தால், உதவியாளர் கண்ணை வெளியிலிருந்து மெல்ல அழுத்துவார். அப்போது மூக்கினுள் திரையில் தெரியும் திசு அசைந்தால், அது கண்குழியின் கொழுப்பு என்பது உறுதியாகிறது. பாலிப் என்று நினைத்து அதை இழுத்தால் கண்ணை அசைக்கும் தசை சேதமடைந்து, பார்க்கும் பொருள் இரண்டாகத் தெரியும் நிலை நிரந்தரமாகிவிடலாம்.

இந்தச் சுவருக்கும் மேற்கூரைக்கும் இடையே முன் எத்மாய்டு தமனி குறுக்காகச் செல்கிறது. சிலருக்கு இது எலும்புக்குள் புதைந்திருக்கும். சிலருக்குக் கூரையிலிருந்து விலகித் தொங்கிக் கொண்டிருக்கும். இது துண்டிக்கப்பட்டால் அறுந்த முனை கண்குழிக்குள் பின்வாங்கி, அங்கே இரத்தம் தேங்கும். கண்ணின் அழுத்தம் உயர்ந்து, விழித்திரைக்கான இரத்த ஓட்டம் தடைபடும். ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரத்திற்குள் அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் பார்வை திரும்பாமல் போகும் அபாயம் உண்டு.

மூளைக்குக் கீழே சல்லடை

மூக்கின் கூரையில், நடுக்கோட்டின் இருபுறமும் சல்லடைத் தகடு அமைந்துள்ளது. மணம் உணரும் நரம்பு இழைகள் இதன் நுண்துளைகள் வழியாக மூளைக்குச் செல்கின்றன.

மூக்கும் மூளையும் எவ்வளவு நெருக்கமானவை என்பதைக் கேரள மக்கள் அண்மை ஆண்டுகளில் வேறொரு நோயின் மூலம் அறிந்துள்ளனர். தேங்கிய நன்னீரில் வாழும் நெக்லேரியா ஃபவுலேரி என்ற அமீபா மூக்கினுள் புகுந்து, மண நரம்பு இழைகளைப் பற்றி இதே சல்லடைத் தகட்டைக் கடந்து மூளையைத் தாக்குகிறது. 2024-ஆம் ஆண்டில் திருவனந்தபுரம் மாவட்டம் நெய்யாற்றின்கரைப் பகுதியிலும் அமீபா மூளைக்காய்ச்சல் பதிவானது. நுண்ணுயிர் கடந்து செல்லும் அந்தத் தகடுதான் அறுவை மருத்துவருக்கும் எல்லைக்கோடு.

சல்லடைத் தகடு, எத்மாய்டு அறைகளின் கூரையை விடத் தாழ்வாக அமைந்துள்ளது. இவ்விரண்டையும் இணைக்கும் செங்குத்தான பக்கத்தகடே மண்டையோட்டு அடித்தளத்தின் மிக மெல்லிய பகுதி. எத்மாய்டு கூரையின் தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர் எனில், இந்தப் பக்கத்தகட்டின் தடிமன் 0.2 மில்லிமீட்டருக்கும் குறைவாக இருக்கக்கூடும்.

சல்லடைத் தகடு எவ்வளவு ஆழத்தில் உள்ளது என்பதைக் குரோஷிய மருத்துவர் பிரெட்ராக் கெரோஸ் 1962-ஆம் ஆண்டில் மூன்று வகைகளாகப் பிரித்தார். ஆழம் 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை இருந்தால் முதல் வகை. 4 முதல் 7 வரை இரண்டாம் வகை. 8 முதல் 16 வரை மூன்றாம் வகை. ஆழம் கூடக்கூட மெல்லிய பக்கத்தகடு அதிகமாக வெளிப்பட்டு நிற்கும் என்பதால், ஆபத்தும் கூடுகிறது. ஒரே நபருக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் வேறுபட்ட ஆழத்தில் இருப்பதும் உண்டு. ஒருபுறம் சிகிச்சை முடித்த மருத்துவர், மறுபுறமும் அவ்வாறே இருக்கும் எனக் கருதிச் செயல்படுவது தவறாக முடியலாம்.

மற்றொரு எச்சரிக்கையும் உண்டு. மண்டையோட்டு அடித்தளம் முன்னிருந்து பின்னாகச் செல்லும்போது கீழ்நோக்கிச் சரிகிறது. நேராகச் செல்வதாக எண்ணிக் கருவியைப் பின்னோக்கிச் செலுத்துபவர், கூரையில் மோதிவிட வாய்ப்புள்ளது. எனவே பலர் முதலில் ஸ்பீனாய்டு சைனஸைத் தாழ்வான மட்டத்தில் திறந்து, அதன் கூரையை அடையாளம் கண்டபின், அதையே வழிகாட்டியாகக் கொண்டு பின்னிருந்து முன்னாக எத்மாய்டு அறைகளைச் சுத்தம் செய்கின்றனர்.

ஸ்பீனாய்டு: பிட்யூட்டரியின் முன்னறை

தலையின் ஏறத்தாழ நடுப்பகுதியில் இருப்பது ஸ்பீனாய்டு சைனஸ். பிட்யூட்டரி சுரப்பி இதன் பின்சுவருக்கு அப்பால் ஓர் எலும்புக் கிண்ணத்தில் அமர்ந்துள்ளது. பட்டாணி அளவே உள்ள இந்தச் சுரப்பி வளர்ச்சி, மகப்பேறு, தைராய்டு, மன அழுத்தத்தைத் தாங்கும் ஹார்மோன் என உடலின் பல இயக்கங்களைக் கட்டுப்படுத்துகிறது. இங்கு வளரும் கட்டி மேலேயுள்ள பார்வை நரம்புகளை அழுத்தினால், பக்கவாட்டுப் பார்வை படிப்படியாகக் குறையும்.

ஸ்பீனாய்டின் வாசல் மூக்குத்துளையிலிருந்து சுமார் 7 சென்டிமீட்டர் ஆழத்தில், மூக்கின் தரைமட்டத்திலிருந்து ஏறத்தாழ 30 பாகை மேல்நோக்கிய கோணத்தில் உள்ளது. ஆயினும் இந்த அளவுகள் ஆளுக்கு ஆள் மாறுபடும். நம்பகமான அடையாளங்கள் வேறு. மூக்கின் பின்புறம் தொண்டையுடன் சேரும் வளைவு ஒன்று உள்ளது. அதன் மேல்விளிம்பிலிருந்து ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் உயரத்தில், மேல் டர்பினேட்டுக்கும் நடுச்சுவருக்கும் இடையே இந்த வாசல் காணப்படும். வாசலைக் கண்டபின் கீழ்நோக்கியும் நடுக்கோட்டை நோக்கியும் விரிவாக்குவது பாதுகாப்பானது. மேல்நோக்கியும் வெளிநோக்கியும் செல்வது ஆபத்தானது.

இங்கே ஓர் ஏமாற்றும் அமைப்பும் உண்டு. சிலருக்குப் பின் எத்மாய்டு அறை ஒன்று ஸ்பீனாய்டின் மேலேயும் பக்கவாட்டிலும் பரவியிருக்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதை விவரித்த ஹங்கேரி மருத்துவர் அடோல்ஃப் ஓனோடியின் பெயரால் இது ஓனோடி அறை எனப்படுகிறது. பார்வை நரம்பு இதன் சுவரிலேயே செல்லக்கூடும். இதை ஸ்பீனாய்டு எனத் தவறாகக் கருதி, பின்சுவரைத் திறக்க முற்பட்டால் பார்வை இழப்பு நேரலாம்.

ஸ்பீனாய்டு சைனஸ் எல்லாருக்கும் ஒரே அளவில் காற்று நிரம்பி விரிந்திருப்பதில்லை. பெரும்பாலான பெரியவர்களுக்கு அது பிட்யூட்டரி கிண்ணத்தின் அடிவரை விரிந்திருக்கும். சிறு குழந்தைகளுக்கு அது இன்னும் உருவாகாமல் திண்ணிய எலும்பாகவே இருக்கும். அவர்களுக்கு உட்புற அடையாளங்களே தென்படாது. எலும்பைச் சிறிது சிறிதாக அரைத்துச் செல்ல வேண்டியிருக்கும்.

உள்ளே தெரியும் மேடுகளும் குழிவுகளும்

ஸ்பீனாய்டைத் திறந்ததும் அதன் பின்சுவரில் மேடுகளும் பள்ளங்களும் தெரியும். நடுவே உப்பி நிற்பது பிட்யூட்டரியின் எலும்புக் கிண்ணம். அதன் கீழே உள்ளது கிளைவஸ் எனப்படும் சரிவான எலும்பின் பள்ளம். அதற்குப் பின்னால் மூளைத்தண்டு. கிண்ணத்தின் இருபுறமும் செங்குத்தாகத் தெரியும் மேடுகள் கரோடிட் தமனிகளுக்கு உரியவை. மேல் மூலைகளில் குறுக்காகச் செல்லும் மேடுகள் பார்வை நரம்புகளுக்கு உரியவை. தமனி மேடும் நரம்பு மேடும் நெருங்கும் இடத்தில் சிறு குழிவு ஒன்று அமைந்துள்ளது. இந்தக் குழிவு கண்ணில் பட்டுவிட்டால், அதன் மேலே பார்வை நரம்பு, கீழே கரோடிட் தமனி என இரண்டின் இடமும் உறுதியாகிறது.

அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர் ஆல்பர்ட் ரோட்டன், உடற்கூறு ஆய்வின் மூலம் இப்பகுதியைத் துல்லியமாக வரையறுத்தவர்களுள் முதன்மையானவர். 1979-இல் அவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு, கரோடிட் தமனியை மூடியுள்ள எலும்பு பெரும்பாலானோருக்கு அரை மில்லிமீட்டருக்கும் குறைவாக இருப்பதையும், சிலருக்குச் சில இடங்களில் எலும்பே இல்லாமல் சளிச்சவ்வு மட்டுமே மூடியிருப்பதையும் காட்டியது.

ஸ்பீனாய்டை இடம் வலமாகப் பிரிக்கும் தடுப்புச் சுவரும் பலருக்கு நேர் நடுவில் முடிவதில்லை; ஒருபுறமாக வளைந்து கரோடிட் தமனியின் மேட்டிலேயே போய்ச் சேரும். அதைப் பிடித்து முறித்தால் தமனி கிழியலாம். ஆகவே, தடுப்புச் சுவர் மெல்ல அரைத்து எடுக்கப்படுகிறது. மூளை உறையைத் திறக்கும் முன், டாப்ளர் கருவியின் நுனியால் தமனியின் ஒலியைக் கேட்டு அதன் இடத்தை உறுதி செய்யும் முறையும் உண்டு.

கரோடிட் தமனி காயமடைவது மிகவும் அரிது. நேர்ந்தால், நோயாளியின் உடலிலிருந்தே எடுத்து நசுக்கிய தசைத் துண்டை வைத்து இரத்தப்போக்கு அடக்கப்படுகிறது. பின்னர், இரத்தக்குழாய் வழியே கம்பி செலுத்திச் சிகிச்சை அளிக்கும் பிரிவுக்கு நோயாளி உடனடியாக மாற்றப்படுகிறார். அத்தகைய வசதி உள்ள மருத்துவமனையில் இந்தச் சிகிச்சை நடைபெறுவது முக்கியமானதற்குக் காரணம் இதுவே.

திறந்த வாசலை மூடுதல்

மூளை உறை திறக்கப்பட்டால், அது நீர் கசியாதவாறு மீண்டும் மூடப்பட வேண்டும். இல்லையெனில் மூளைத் திரவம் மூக்கின் வழியே வடிந்து, மூளை உறை அழற்சி ஏற்படலாம். இந்தச் சிகிச்சையின் வளர்ச்சியை நெடுங்காலம் தடுத்து வந்த சிக்கல் இது.

மூக்கின் நடுச்சுவரில் உள்ள சளிச்சவ்வை அதன் இரத்தக்குழாயுடன் சேர்த்துப் பெயர்த்து, திறந்த இடத்தின் மேல் போர்த்தும் முறை 2006-இல் வெளியிடப்பட்டது. அர்ஜென்டினா மருத்துவர்களான ஹதாத், பசகஸ்தேகி ஆகியோரின் பெயரால் அறியப்படும் இந்த முறை, திரவக் கசிவைப் பெருமளவு குறைத்தது. இதிலும் அடையாளம் முக்கியம். சவ்வுக்கு இரத்தம் தரும் தமனி, ஸ்பீனாய்டு வாசலுக்கும் தொண்டை வளைவுக்கும் இடையே உள்ள சிறு பட்டையில் செல்கிறது. வாசலை விரிவாக்கும்போது அந்தப் பட்டையைச் சிதைத்துவிட்டால், மூடுவதற்கான சவ்வு உயிரிழந்துவிடும். எனவே, எவ்வாறு மூடுவது என்பதை உள்ளே நுழையும்போதே முடிவு செய்ய வேண்டியுள்ளது.

அடையாளங்கள் அழிந்துபோனால்

ஏற்கெனவே அறுவை சிகிச்சை செய்யப்பட்ட மூக்கில் நடு டர்பினேட்டோ அன்சினேட்டோ இல்லாமல் போயிருக்கலாம். கட்டியும் பூஞ்சையும் எலும்பை அரித்திருக்கலாம். கொரோனா பெருந்தொற்றின் இரண்டாம் அலையின்போது இந்தியா முழுவதும் இந்நிலை பெருமளவில் காணப்பட்டது. கருப்புப் பூஞ்சை எனப்பட்ட மியூகோர்மைகோசிஸ் நோயை அறிவிக்கப்பட வேண்டிய நோயாகக் கருதுமாறு மத்திய அரசு 2021 மே மாதம் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. அந்த ஆண்டில் நாட்டில் 50,000-க்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் பதிவானது. மூக்கிலிருந்து கண்ணுக்கும் மூளைக்கும் பரவும் இந்தப் பூஞ்சையால் இறந்துபோன திசுக்களை அகற்ற, காது மூக்கு தொண்டை மருத்துவர்கள் எண்டோஸ்கோப்புடன் தொடர்ந்து பணியாற்றினர்.

இத்தகைய நேரங்களில் எளிதில் அழியாத அடையாளங்களே கைகொடுக்கின்றன. தொண்டை வளைவு, நடுச்சுவரின் பின்விளிம்பு, லாமினா பாப்பிரேசியா, கன்னச் சைனஸின் கூரை ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. கன்னச் சைனஸின் கூரை என்பது கண்குழியின் தரையே ஆகும். பின்னோக்கிச் செல்லும்போது அதன் மட்டத்திற்குக் கீழேயே கருவியை வைத்திருந்தால், மூளையின் அடித்தளத்தை இடிக்காமல் ஸ்பீனாய்டை அடைய முடியும். முதல் சிகிச்சையில் தேவையின்றி எந்த எலும்பையும் எடுக்கக் கூடாது என்று வலியுறுத்தப்படுவதற்கு, அது அடுத்து வருபவருக்கு அடையாளமாக இருக்கும் என்பதும் ஒரு காரணம்.

நேவிகேஷன் கருவி போதுமா?

நோயாளியின் சிடி ஸ்கேன் படத்தில் கருவியின் நுனி எங்கே உள்ளது என்பதை உடனுக்குடன் காட்டும் நேவிகேஷன் கருவிகள் இப்போது பல மருத்துவமனைகளில் உள்ளன. மறுமுறை சிகிச்சை, பரந்த பாலிப், மண்டையோட்டு அடித்தளக் கட்டி ஆகியவற்றில் இவை பெரிதும் உதவுகின்றன.

எனினும், இவற்றின் துல்லியம் பொதுவாகச் சுமார் 2 மில்லிமீட்டர் அளவிலேயே உள்ளது. கடக்க வேண்டிய எலும்போ அதில் பத்தில் ஒரு பங்கு தடிமன் கொண்டது. மேலும், திரையில் தெரிவது சிகிச்சைக்கு முன் எடுக்கப்பட்ட படம். திசுக்கள் அகற்றப்பட்டபின் உள்ள நிலையை அது காட்டாது. தலையில் பொருத்திய உணரி சற்று நகர்ந்தாலும் காட்டும் இடம் மாறிவிடும். ஆகவே, கருவி காட்டும் இடமும் கண்ணில் தெரியும் எலும்பும் ஒத்துப்போகிறதா என்று அவ்வப்போது சரிபார்க்கப்படுகிறது. அடையாளங்களை அறியாதவருக்கு இந்தச் சரிபார்ப்பே இயலாது.

நோயாளிகள் அறிய வேண்டியவை

இந்த அறுவை சிகிச்சையின் பெரும்பகுதி, அறுவை அரங்குக்கு வருமுன் சிடி ஸ்கேன் படத்தைப் படிப்பதிலேயே முடிந்துவிடுகிறது. சல்லடைத் தகட்டின் ஆழம், காகிதத் தகட்டின் முழுமை, ஓனோடி அறை உள்ளதா என்பது, ஸ்பீனாய்டின் தடுப்புச் சுவர் முடியும் இடம், முன் எத்மாய்டு தமனியின் இடம் ஆகிய ஐந்தும் அதில் தவறாமல் பார்க்கப்பட வேண்டியவை. கட்டி இருப்பின் எம்ஆர்ஐ ஸ்கேனும் தேவைப்படும். முன்பு எடுத்த படங்களையும், பழைய அறுவை சிகிச்சைக் குறிப்புகளையும் நோயாளிகள் பாதுகாத்து வைத்து, மருத்துவரிடம் கொடுக்க வேண்டும்.

தமது ஸ்கேன் படத்தில் இயல்புக்கு மாறான அமைப்பு ஏதும் உள்ளதா, கசிவோ இரத்தப்போக்கோ நேர்ந்தால் அதே மருத்துவமனையில் அதற்கான வசதி உள்ளதா என்று கேட்பது நோயாளியின் உரிமை. சைனஸ் சிகிச்சையில் பெரிய பாதிப்புகள் நேர்வது நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவர் அல்லது அதற்கும் குறைவு. எல்லாப் பிட்யூட்டரி கட்டிகளுக்கும் அறுவை சிகிச்சை தேவை என்பதும் இல்லை. புரோலாக்டின் சுரக்கும் கட்டிகளுக்கு மாத்திரையே முதல் சிகிச்சையாக அளிக்கப்படுகிறது.

சிகிச்சைக்குப் பின் மருத்துவர் அனுமதிக்கும் வரை மூக்கைச் சிந்துவதையும், பளு தூக்குவதையும் தவிர்க்க வேண்டும். குனியும்போது ஒரு மூக்குத்துளையிலிருந்து தெளிந்த நீர் சொட்டுதல், காய்ச்சலுடன் கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, கண் வீக்கம், பார்வை மங்குதல், பொருள்கள் இரண்டாகத் தெரிதல், நிற்காத இரத்தப்போக்கு ஆகியவற்றில் எது தோன்றினாலும் தாமதிக்கக் கூடாது. பிட்யூட்டரி சிகிச்சை பெற்றவர்களுக்கு அடங்காத தாகமும் மிகுதியான சிறுநீரும் ஏற்பட்டால், அதுவும் உடனடியாக மருத்துவரிடம் தெரிவிக்கப்பட வேண்டிய அறிகுறியாகும்.